கிப்லா காம்பஸும் இன்வெர்ட்டர் வயரும்: ஓடும் மின்சாரம் காந்தமாவது ஏன்?

இலஞ்சியில் ஒரு வீட்டில் கிப்லா குறித்துத் தரும்படி அழைத்திருந்தார்கள். புதிதாகக் கட்டிய மாடி அறை. வீட்டுப் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. படியிறங்கி வர முடியாததால் அந்த அறையிலேயே தொழுகைக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தனர். குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்த ஜூலை மாதம். எங்கோ மரம் சாய்ந்து மின்சாரம் போயிருந்தது. சுவரோரம் இருந்த மரப்பலகையில் காம்பஸை வைத்தோம். முள் ஆடி நின்றதும், மேற்கிலிருந்து வடக்கே 23 பாகை எண்ணி, சாக்பீஸால் தரையில் கோடு போட்டோம். தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டது. 12ஆம் வகுப்பு படிக்கும் அந்த வீட்டுப் பையன் காம்பஸை மறுபடி எட்டிப் பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், முள்ளு இடம் மாறிட்டு" என்றான்.

பலகையை யாராவது தட்டியிருப்பார்கள் என்று முதலில் நினைத்தோம். பையன் விடவில்லை. பலகைக்கு நேர் கீழே இன்வெர்ட்டரும் பாட்டரியும் இருந்தன. பாட்டரியிலிருந்து தடித்த வயர் ஒன்று பலகையை ஒட்டிச் சென்றது. கரண்ட் இல்லாதபோது பாட்டரி மின்சாரத்தை வெளியே கொடுத்துக்கொண்டிருந்தது. முள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கரண்ட் வந்ததும் பாட்டரி சார்ஜ் ஏறத் தொடங்கியது. அதே வயரில் மின்சாரம் எதிர்த்திசையில் ஓட, முள் மறுபக்கம் சாய்ந்தது. இன்வெர்ட்டரை முழுவதும் அணைத்தபோது முள் இரண்டுக்கும் நடுவே வேறோர் இடத்தில் வந்து நின்றது. ஒரே அறை, ஒரே காம்பஸ், மூன்று வடக்கு.

கோட்டை அழித்துவிட்டு நாம் கிளம்பலாம் என்றிருந்தபோது பையன் ஒரு கேள்வி கேட்டான்: "கரண்ட் ஓடினா காந்தம் வரும்னு புத்தகத்துல இருக்கு. ஏன் வருதுன்னு இல்லையே?" மத்ரஸாவில் ஓதிய பின் கலைப் பிரிவில் பட்டம் பெற்றவர்கள் நாம். இயற்பியலை 10ஆம் வகுப்போடு விட்டவர்கள். அன்று பதில் சொல்ல இயலவில்லை. அதன்பின் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான், நம்மைப் போன்ற வாசகர்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

காம்பஸுக்கும் கிப்லாவுக்கும் உள்ள உறவு பழையது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் யமன் நாட்டை ஆண்ட ரசூலித் மரபின் சுல்தான் அல்-மலிக் அல்-அஷ்ரஃப் உமர், காந்த ஊசியைக் கொண்டு கிப்லா காணும் முறையை எழுதி வைத்திருக்கிறார். ஊசி வடக்கு நோக்குகிறது என்பது அப்போதே தெரியும். ஊசியை மின்சாரமும் திருப்பும் என்பது தெரிய இன்னும் ஐநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1820ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் என்ற பேராசிரியர், மின்சாரம் ஓடும் கம்பிக்கு அருகே இருந்த காம்பஸ் முள் திரும்புவதைக் கண்டார். அதே ஆண்டு ஜூலையில் அதை லத்தீன் மொழியில் சிறு வெளியீடாக அச்சிட்டு ஐரோப்பா முழுவதும் அனுப்பினார். முள்ளைக் கம்பி தன்னை நோக்கி இழுக்கவுமில்லை, தள்ளவுமில்லை. கம்பிக்குக் குறுக்காகத் திருப்பியது. இதுதான் அன்றைய அறிஞர்களைத் திகைக்க வைத்தது. கம்பியைச் சுற்றி வளையம் வளையமாக ஒரு விசை சூழ்ந்திருப்பது போல் இருந்தது. மின்சாரத்தின் திசையை மாற்றினால் முள் எதிர்ப்பக்கம் திரும்பியது. இலஞ்சி வீட்டில் இன்வெர்ட்டர் காட்டியதும் இதையேதான். செய்தி பாரிஸுக்கு எட்டிய சில வாரங்களில், செப்டம்பர் மாதத்திலேயே, ஆம்பியர் அடுத்த படியைக் காட்டினார்: ஒரே திசையில் மின்சாரம் ஓடும் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன, எதிரெதிர்த் திசையில் ஓடினால் விலக்குகின்றன. அங்கே காந்தக் கல்லே கிடையாது. வெறும் செம்புக் கம்பிகள்.

கம்பியில் ஓடும்போது மட்டும்தான் இப்படியா, அல்லது மின்னூட்டம் எப்படி நகர்ந்தாலும் போதுமா? இதை 1876இல் பெர்லினில் ஹென்றி ரோலண்ட் என்ற அமெரிக்க இளைஞர் சோதித்தார். ஈபனைட் தட்டு ஒன்றுக்குப் பொன்முலாம் பூசி, அதில் மின்னூட்டம் ஏற்றி, வினாடிக்குச் சுமார் 60 முறை சுழற்றினார். அருகே தொங்கிய நுண்ணிய காந்த ஊசி அசைந்தது. பாட்டரியும் இல்லை, சுற்றும் இல்லை. மின்னூட்டம் ஏறிய ஒரு பொருளைக் கையால் தூக்கிக்கொண்டு ஓடினாலும் காந்தப்புலம் உண்டாகும் என்பதே இதன் பொருள்.

இனி பையனின் கேள்விக்கு வருவோம். ஏன்?

முதலில் கம்பிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். செம்பு அணுக்கள் ஒவ்வொன்றும் ஓர் எலக்ட்ரானை விட்டுக்கொடுத்து, தாம் நேர்மின் அயனியாக அசையாமல் நிற்கின்றன. விடுபட்ட எலக்ட்ரான்கள் எதிர்மின் கூட்டமாக ஊர்ந்து செல்கின்றன. இரண்டும் சம அளவு இருப்பதால் கம்பி மொத்தத்தில் நடுநிலை. ஊர்கின்றன என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடினால், எலக்ட்ரான் கூட்டம் ஒரு மணி நேரத்தில் முன்னேறும் தூரம் சுமார் 26 சென்டிமீட்டர்தான். பாடப்புத்தகம் இதை இழுப்புத் திசைவேகம் என்கிறது. எறும்பு இதைவிட வேகம். ஸ்விட்சைப் போட்டவுடன் விளக்கு எரிவது எலக்ட்ரான் ஓடி வந்து சேர்வதால் அல்ல; வயர் முழுவதும் ஏற்கெனவே நிறைந்திருக்கும் எலக்ட்ரான்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நகரத் தொடங்குவதால்.

அடுத்தது, 1905இல் ஐன்ஸ்டீன் எழுதிய கட்டுரை. அதன் தலைப்பே நகரும் பொருள்களின் மின்னியக்கவியல் பற்றியது. சார்பியல் என்றதும் ராக்கெட், காலப் பயணம் என்று நினைக்கிறோம். ஆனால் அவர் தொடங்கிய இடம் ஒரு காந்தமும் ஒரு கம்பிச் சுருளும். காந்தம் நகர்ந்தாலும் சுருள் நகர்ந்தாலும் ஒரே அளவு மின்சாரம்தான் கிடைக்கிறது. அப்படியிருக்க, இரண்டுக்கும் இரு வேறு விளக்கம் ஏன் என்று கேட்டுத்தான் அந்தக் கட்டுரையை ஆரம்பிக்கிறார்.

அதிலிருந்து வந்த ஒரு முடிவு நமக்குப் போதும். நம்மைக் கடந்து ஓடும் பொருள், ஓடும் திசையில் சற்றே குறுகியதாக நம் அளவைக்குத் தெரியும். ஒளியின் வேகத்தை நெருங்கினால்தான் இது பெரிதாகும். மற்றபடி மிக மிகச் சிறிது. யார் ஓடுகிறார், யார் நிற்கிறார் என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. தென்காசி ஸ்டேஷனில் நிற்பவருக்குச் செங்கோட்டை ரயில் ஓடுகிறது. ரயிலில் இருப்பவருக்கு ஸ்டேஷன்தான் பின்னால் போகிறது.

இப்போது கம்பியை இரண்டு வரிசைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பள்ளிவாசலில் ஸஃப் போல் சம இடைவெளியில் நிற்கும் நேர்மின் அயனிகள். மற்றொன்று அதன் பக்கத்தில் வெளியேறும் கூட்டம் போல் நகரும் எலக்ட்ரான்கள். நாம் தரையில் நின்று எண்ணினால் ஒரு மீட்டரில் அதுவும் இதுவும் சமம். எனவே கம்பிக்கு வெளியே அசையாமல் இருக்கும் ஒரு மின்துகளைக் கம்பி இழுக்காது, தள்ளாது.

வெளியே இன்னோர் எலக்ட்ரான், கம்பியில் உள்ள எலக்ட்ரான்களோடு சேர்ந்து அதே திசையில் அதே வேகத்தில் போகிறது என்று வைப்போம். அதன் பார்வையில் காட்சி மாறிவிடுகிறது. கூட நடக்கும் எலக்ட்ரான்கள் அதற்கு நின்றுகொண்டிருக்கின்றன. ஆகவே தரையிலிருந்து பார்த்தபோது இருந்த குறுக்கம் நீங்கி, அவற்றின் இடைவெளி சற்று விரிகிறது. நிற்கும் ஸஃபோ அதற்குப் பின்னோக்கி ஓடுகிறது. ஆகவே அயனிகளின் இடைவெளி சற்றுக் குறுகுகிறது. ஒரு மீட்டரில் இப்போது நேர்மின் அதிகம், எதிர்மின் குறைவு. நமக்கு நடுநிலையான கம்பி அந்த எலக்ட்ரானுக்கு நேர்மின் ஏறிய கம்பி. நேர்மின் எலக்ட்ரானை இழுக்கும். எலக்ட்ரான் கம்பியை நோக்கிச் சாய்கிறது.

தரையில் நிற்கும் நாமும் அது சாய்வதைக் காண்கிறோம். ஆனால் நமக்குக் கம்பி நடுநிலை. மின்விசை என்று சொல்ல வழியில்லை. "நகர்வதால் மட்டும் உண்டாகும் வேறொரு விசை" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த விசைக்குத்தான் காந்தவிசை என்று பெயர். ஒரே திசையில் மின்சாரம் ஓடும் கம்பிகள் ஈர்ப்பதாக ஆம்பியர் கண்டது இதுவே.

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். நமக்கும் எழுந்தது. எறும்பைவிட மெதுவாக நகரும் எலக்ட்ரானுக்கும் ஒளிவேகச் சார்பியலுக்கும் என்ன சம்பந்தம்? மேலே சொன்ன வேகத்தில் அந்தக் குறுக்கம் எவ்வளவு என்று கணக்கிட்டால், 1க்குப் பின் 25 சைபர் போட்டு, அத்தனையில் ஒரு பங்கு என்ற அளவில்தான் வருகிறது. இது எப்படி ஒரு முள்ளைத் திருப்பும்?

பதில் மின்விசையின் பிரம்மாண்டத்தில் இருக்கிறது. ஒரு கூலும் மின்னூட்டத்தை இங்கேயும் இன்னொரு கூலும் மின்னூட்டத்தை ஒரு மீட்டர் தள்ளியும் வைக்க முடிந்தால், அவற்றுக்கிடையே உள்ள விசை 900 கோடி நியூட்டன். ஏறத்தாழ 9 லட்சம் டன் எடைக்குச் சமம். நாம் சொன்ன அந்த மெல்லிய செம்புக் கம்பியின் ஒரு மீட்டர் நீளத்தில் மட்டும் நகரக்கூடிய மின்னூட்டம் 13,000 கூலுமுக்கு மேல் இருக்கிறது. அதே அளவு நேர்மின்னும் இருப்பதால்தான் நாம் வயரைக் கையில் பிடிக்க முடிகிறது. இவ்வளவு பெரிய இரண்டு எண்கள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு நிற்கும்போது, கண்ணுக்கு எட்டாத ஒரு சிறு பிசகு ஏற்பட்டாலும் மிஞ்சுவது முள்ளைத் திருப்பப் போதுமானதாகிவிடுகிறது. ஓடும் ஃபேனும் மோட்டாரும் தினமும் அந்தப் பிசகைத்தான் பயன்படுத்துகின்றன.

இதை வைத்து "காந்தம் என்பது வெறும் தோற்றம், மின்சாரம்தான் உண்மை" என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். அது சரியல்ல. நடுநிலைக் கம்பியின் காந்தப்புலத்தை, நாம் எந்த வேகத்தில் ஓடிப் பார்த்தாலும் முழுவதும் மறையச் செய்ய முடியாது. மின்புலமும் காந்தப்புலமும் ஒரே பொருளின் இரண்டு பக்கங்கள். பார்ப்பவரின் வேகத்துக்கேற்ப ஒரு பக்கம் கூடுதலாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் தெரிகிறது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தில் மின்சாரம் எங்கே ஓடுகிறது என்று கேட்டால், அங்கே வேலை செய்வது பெரும்பாலும் எலக்ட்ரானின் 'சுழற்சி' எனப்படும் இயற்பண்பு. பெயர்தான் சுழற்சி, பம்பரம் போல் அது சுற்றவில்லை. அதற்குக் குவாண்டம் இயற்பியல் வேண்டும், இக்கட்டுரை தாங்காது.

இலஞ்சி வயருக்கு வருவோம். 12 வோல்ட் பாட்டரியில் ஃபேன், விளக்கு எல்லாம் சேர்த்து 300 வாட் எடுத்தால் வயரில் 25 ஆம்பியருக்கு மேல் ஓடும். நீண்ட நேர் வயரானால், 15 சென்டிமீட்டர் தூரத்தில் அது தரும் காந்தப்புலம் சுமார் 33 மைக்ரோ டெஸ்லா. நம் பகுதியில் காம்பஸ் முள்ளை வடக்கே பிடித்து நிறுத்தும் பூமியின் புலம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. அந்த வீட்டு வயர் வளைந்து நெளிந்து போனதால் முழு அளவு கிடைத்திருக்காது. கால்வாசி கிடைத்தாலே முள் பத்துப் பாகைக்கு மேல் திரும்பிவிடும். போகும் வயரும் திரும்பும் வயரும் ஒட்டிச் சென்றிருந்தால் ஒன்றின் புலத்தை மற்றொன்று அழித்திருக்கும். இங்கே இரண்டும் தனித்தனியே போயிருந்தன. சுவருக்குள் ஓடும் வீட்டுக் கரண்ட் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருவதால் அதன் பின்னே முள் ஓட முடியாது. அதனால் முள் திரும்புவதில்லை. இன்வெர்ட்டர் பாட்டரி, சோலார் பலகையின் வயர் போன்ற நேர்மின்சாரம்தான் கிப்லாவுக்கு ஆபத்து.

நம் தலைக்கு மேலேயும் ஒரு மின்சாரம் ஓடுகிறது. இது பலருக்குத் தெரியாது.

பொதிகை மலைத் தொடரின் தெற்கே அகத்தியர் மலை இருக்கிறது. அதன் உச்சியில் 1855இல் ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காந்த ஆய்வகம் ஒன்றை அமைத்தார். இவர் திருவிதாங்கூர் மன்னரின் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்குப் பொறுப்பாளர். நமக்குப் பக்கத்துச் செங்கோட்டையும் 1956 வரை அந்தப் பக்கத்து ஆட்சியில்தான் இருந்தது. காட்டு யானையும் மழையும் உள்ள அந்த உச்சியிலும் கீழே திருவனந்தபுரத்திலும் காந்த ஊசிகளை வைத்து, அவை நாள்தோறும் மணிக்கு மணி எவ்வளவு அசைகின்றன என்று பதிவு செய்தார்கள். முள் நிலையாக நிற்பதில்லை. பகலில் ஒரு பக்கம் நகர்ந்து மீண்டும் திரும்புகிறது. காரணம் என்ன? மேல்வானில் மின்சாரம் ஓடுகிறது என்று 1882இல் பால்ஃபர் ஸ்டூவர்ட் ஊகித்தார். அந்த ஊகம் சரியாயிற்று.

வெயிலால் மேல்வானக் காற்றின் அணுக்கள் உடைந்து மின்துகள்களாகின்றன. பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடித் தமிழகத்தை ஒட்டிச் செல்கிறது. அந்தக் கோட்டின் மேலே, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின் ஆறு ஓடுகிறது. நண்பகலை ஒட்டி அது உச்சம் பெறுகிறது. கிழக்கு நோக்கி ஓடும் மின்சாரம் தனக்குக் கீழே வடக்கு நோக்கிய காந்தப்புலத்தை உண்டாக்கும். ஆகவே லுஹர் நேரத்தை ஒட்டி நம் ஊர்ப்பக்கம் பூமியின் காந்தப்புலம் 50 முதல் 100 நானோ டெஸ்லா வரை கூடுகிறது. மொத்தம் 40,000 நானோ டெஸ்லாவில் இது 400இல் ஒரு பங்கு. நம் காம்பஸுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இதை அளந்துகொண்டிருக்கிறது. தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் இந்தக் கோடுதான் காரணம். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியபோது அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் நம் இராமேஸ்வரத்து அப்துல் கலாம். பின்னர் தும்பாவிலிருந்து காந்தமானிகளைச் சுமந்து சென்ற ராக்கெட்டுகள் அந்த மின் ஆற்றின் ஊடாகவே போய் அளந்து வந்தன.

இலஞ்சி இன்வெர்ட்டருக்கு அண்ணன் ஒருவர் மும்பையில் உண்டு. கொலாபாவில் இருந்த காந்த ஆய்வகத்தை 1904இல் கடல் தாண்டி அலிபாகுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. மும்பையின் குதிரை டிராம்களை மின்சார டிராம்களாக்க முடிவெடுத்ததே காரணம். டிராமுக்கு ஓடும் மின்சாரம் ஆய்வகத்து முள்ளைக் கெடுத்துவிடும் என்று அப்போதே கணித்துவிட்டார்கள். நாம்தான் சாக்பீஸ் கோடு போட்ட பிறகு கண்டுகொண்டோம்.

பூமியின் காந்தமும் கடைசியில் ஓடும் மின்சாரமே. சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே உருகிய இரும்பு கொதித்துப் புரள்கிறது. அதில் ஓடும் மின்சாரம்தான் நம் முள்ளை வடக்கே திருப்புகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மக்காவில் காந்தப்புலம் பூஜ்யம், அங்கே காம்பஸ் முள் அசையாது என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாக நம்மவர்களின் ஃபோன்களில் சுற்றி வருகிறது. நாமே ஒரு காலத்தில் பயானில் சொல்லியிருக்கிறோம். அது உண்மையல்ல. மக்காவிலும் நம் ஊருக்கு நெருக்கமான அளவில் காந்தப்புலம் உண்டு. காம்பஸ் அங்கும் வடக்கையே காட்டும். கஃபாவின் சிறப்பை அல்லாஹ்வும் அவன் தூதரும் சொல்லிவிட்டார்கள். அதற்குக் காந்தத்தின் சாட்சி தேவையில்லை. பொய்யான சாட்சியைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, கல்லூரியில் உண்மையை அறியும்போது மற்றவற்றையும் சந்தேகிக்கிறது. நமக்குத் தெரிந்த ஓர் இளைஞர் அப்படி வந்து கேட்டபோது தலைகுனிந்து நின்றோம்.

ஃபோனில் உள்ள கிப்லா செயலியும் இதே விதிக்கு உட்பட்டதுதான். அதற்குள் இருப்பதும் காந்தப்புலத்தை அளக்கும் ஒரு சிறு உணரி. இரும்பு பீரோ, ஸ்பீக்கர், பாட்டரி, கட்டில் கம்பி இவற்றிலிருந்து தள்ளி, முடிந்தால் மொட்டை மாடியின் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று இடங்களில் பார்த்து ஒத்துப்போகிறதா என்று கவனிக்க வேண்டும். காந்த வடக்கும் உண்மை வடக்கும் நம் பகுதியில் ஓரிரு பாகை மட்டுமே வேறுபடுவதால் அது பெரிய தொல்லையல்ல. கிப்லா திசையில் எவ்வளவு பிசகு பொறுக்கப்படும் என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ நூல்களுக்கிடையே உள்ள வேறுபாடு தனி மஸ்அலா; அதை இன்னொரு கட்டுரையில் பார்க்கலாம்.

காம்பஸே வேண்டாம் என்பவர்களுக்கு நிழல் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, மே 28 மற்றும் ஜூலை 16 தேதிகளை ஒட்டி, சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே வருகிறது. நம் நேரப்படி மே மாதத்தில் பிற்பகல் 2.48, ஜூலையில் 2.57. அந்த நிமிடத்தில் நட்டுவைத்த கம்பின் நிழல் கிப்லாவுக்கு நேர் எதிரே விழும். ஒரு நாள் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. இன்வெர்ட்டரும் வயரும் அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஜூலை 16 என்றால் இலஞ்சியில் சாரல்.

அந்த வீட்டுப் பையன் அன்று மொட்டை மாடியில் துடைப்பக் கம்பு ஒன்றை நிமிர்த்திப் பிடித்து, நேரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். 2.57க்கு வெயில் இல்லை. 2.59க்கு மேகம் விலகி அரை நிமிடம் நிழல் விழுந்திருக்கிறது. சுவருக்கும் நிழலுக்கும் உள்ள கோணத்தை அளந்து அறைக்குள் கோடு போட்டுவிட்டு நமக்கு ஃபோன் செய்தான். இன்வெர்ட்டரை அணைத்தபோது முள் காட்டிய வடக்கை வைத்துப் போட்ட கோட்டுக்கும் நிழல் கோட்டுக்கும் இரண்டு பாகைதான் வித்தியாசமாம். பெரியம்மா நிழல் கோட்டின்படியே முஸல்லாவை விரித்துவிட்டார்கள். பாட்டரி கீழ்த்தளத்துக்குப் போய்விட்டது.